பாஸ்டர் வீட்டுத் தட்டு

"டின் மாட்டுக்கறி இல்லாட்டி எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாய் உள்ள இறங்காது" என்றார் பாஸ்டரம்மா சூசானா, இருபது பெண்கள் கூடியிருந்த இடத்தில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாஸ்டருக்குச் சர்க்கரை. போன மாதம்தான் கடல் தாண்டித் தலைநகர் ஆப்பியா ஆஸ்பத்திரியில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். இதே சாப்பாடு தொடர்ந்தால் அடுத்தது பாதம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியது எங்கள் சவாயி தீவு முழுக்கத் தெரியும். கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாதா?

எங்கள் ஊரில் பாஸ்டர் வீட்டுக்கு முறை வைத்துச் சமைத்து அனுப்புவோம். பக்கத்து வீட்டு லூசியா இரண்டு டின் கறி வைத்தாள் என்றால், என் முறைக்கு நான் மூன்று டின் வைப்பேன், மேலே கொழுப்பு சொட்டும் வான்கோழி வாலும் சேர்த்து. குறைத்து அனுப்பினால் ஊர் சிரிக்கும். ஆபரேஷன் ஆனபிறகு, நோயாளிக்குத் தெம்பு வேண்டுமே என்று நாலாக்கினேன்.

முன்பெல்லாம் பாஸ்டரம்மா, "எதுக்கு இவ்வளவு? குறைச்சு அனுப்புங்க" என்பார். பெரிய மனுஷி மரியாதைக்குச் சொல்கிறார் என்று இன்னொரு டின் சேர்ப்போம். இப்போது அந்த மரியாதையும் போய், வாய்விட்டே கேட்கிறார்.

கூட்டம் நர்ஸ் மத்தாலேனா கூட்டியது. அவளுக்கு முன்னால் இருந்த நர்ஸ், சுவரில் படம் மாட்டி ஒரு மணி நேரம் பாடம் நடத்துவாள். விருந்தாளி மனம் கோணலாமா? "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டு, போகும்போது அவள் கையிலேயே டின் கறி கொடுத்து அனுப்புவோம்.

மத்தாலேனா வேறு மாதிரி. எங்களோடு பாயில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பாள். அப்புறம் வாயைத் திறக்கமாட்டாள்.

அன்று ஒரு டின்னைத் திறந்து, மேலே உறைந்திருந்த வெள்ளைக் கொழுப்பை வழித்து வாழையிலையில் வைத்தாள்.

"இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

அப்போதுதான் பாஸ்டரம்மா ஆரம்பித்தார், டின் கறி இல்லாட்டி ஒரு வாய் உள்ள இறங்காது என்று.

நர்ஸ் மறுக்கவில்லை. "மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?"

பாஸ்டரம்மாவை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

"கீரை, மீனெல்லாம் வக்கில்லாதவங்க திங்கறது" என்று பாஸ்டரம்மாவே தொடர்ந்தார். "எங்க வீட்டுக்கு யாரும் அதைத் தூக்கிட்டு வரவேணாம்."

லூசியாவுக்குப் பொறுக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஐயா காலைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"கால் ஆண்டவர் கையில."

"கரண்டி நம்ம கையிலதானம்மா இருக்கு."

கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது.

"எங்க மாமியார் மீனைச் சேம்பிலையில சுத்திச் சுடுவாங்க. ஒருத்தரும் முள்ளைக்கூட மிச்சம் வைக்கமாட்டாங்க" என்றாள் லூசியா.

"ருசியா இருக்குமாக்கும்" என்று பாஸ்டரம்மா உதட்டைச் சுழித்தார்.

"ஞாயித்துக்கிழமை அனுப்பறேன். தின்னு பார்த்துட்டு அப்புறம் சுழிங்க."

"நீ மட்டும் அனுப்பினா கஞ்சத்தனம்னு பேசுவாங்கடி" என்றேன் நான். "எல்லாருமே அப்படி அனுப்பினா, யாரு யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?"

நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

"அப்போ என்ன செய்யலாம்?" என்று நர்ஸ் அடுத்த கேள்வியைப் போட்டாள்.

அரை மணி நேரக் கூச்சலுக்குப் பிறகு முடிவானது. பாஸ்டர் வீட்டு வாசலை இனி ஒரு டின்னும் மிதிக்கக்கூடாது. மீறி அனுப்புகிற வீட்டுக்கு அபராதம், சொந்தக் கையால் முடைந்த ஒரு பாய். பாய் முடைவது எவ்வளவு பெரிய தண்டனை என்று எங்கள் விரல்களுக்குத் தெரியும்.

"என் வீட்டுக்காரரைப் பட்டினி போடப் போறீங்க" என்று பாஸ்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீம்பு யாரை விட்டது? ஒரு வாரம் கீரை, ஒரு வாரம் சுட்ட மீன், ஒரு வாரம் பப்பாளி. நன்றாக இல்லை என்று பாஸ்டரம்மா சொல்லிவிடக்கூடாதே என்று போட்டி போட்டுச் சமைத்தோம். ருசி பார்க்கிற சாக்கில் எங்கள் வீடுகளிலும் அதுவே சாப்பாடானது. என் பாவாடை இடுப்பு தளர்ந்தது தனிக் கதை.

மூன்று மாதத்தில் பாஸ்டரின் புண் ஆறியது. நாற்காலியில் உட்கார்ந்து பிரசங்கம் செய்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த கூட்டம் முடிந்து நான் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப்பக்கம் நர்ஸின் குரல் கேட்டது.

"மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்கம்மா. அன்னிக்கு நீங்க பேசினதைக் கேட்டு, நீங்கதான் எல்லாத்தையும் கெடுக்கப் போறீங்கன்னு பயந்தேன்."

பாஸ்டரம்மா மெல்லச் சிரித்தார்.

"பதினெட்டு வருஷமா வேணாம் வேணாம்னு கெஞ்சினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு டின் அதிகமாத்தான் வந்துச்சு. அதான் கண்ணு, இந்தத் தடவை வேணும்னு கேட்டுப் பார்த்தேன்."