திரும்பும்போது எவ்வளவு காற்று

சக்கர நாற்காலியோடு அப்பாவை ஏற்றினால் குடும்ப வேனின் பின்பக்கம் அமுங்கிவிடுகிறது. அதனால் மெக்கானிக் பின் ஸ்பிரிங் இரண்டுக்குள்ளும் ரப்பர் காற்றுப்பையைச் சொருகி, பம்பை ஓடவிடுகிறார். வண்டி மெல்ல இடுப்பை நிமிர்த்துகிறது. டாக்டரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று மகன் கிளப்பிக்கொண்டு வந்திருக்கும் அப்பா, பட்டறை வாசல் வெயிலில் அதைக் கண்கொட்டாமல் பார்க்கிறார். "எனக்காக ஏன்டா இவ்வளவு மெனக்கெடுறே?" குரலில் பெருமை வழிகிறது. மகன் பம்ப் சத்தத்தை நம்பி மெக்கானிக்கின் பக்கம் குனிகிறான். "போறப்ப காத்து எவ்வளவுண்ணே?" "முப்பது." மெக்கானிக் பம்பை அணைக்கவும், மகனின் அடுத்த கேள்வி தனியாக ஒலிக்கிறது: "திரும்பி வர்றப்ப நாற்காலியும் இருக்காது, ஆளும் இருக்காது. அப்போ?" "பத்து போதும். கூட வச்சா தூக்கித் தூக்கிப் போடும்." அப்பாவின் கை மெல்லக் கீழே இறங்கி, நாற்காலியின் பிரேக்கை இறுக்குகிறது.