சாட்சி பாட்டில்

பெட்ரோல் பங்க்கின் நிலத்தடி டேங்க் கசிந்தால் பக்கத்துக் கிணறுகள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மாதாமாதம் அந்தத் தண்ணீரைப் பிடித்துவருவது அவள் புருஷனின் வேலை. ஆய்வகத்தில் அதைச் சோதிப்பது அவள் வேலை.

கூடவே ஒரு பாட்டிலில் சுத்தமான தண்ணீரை அவளே நிரப்பி, சீல் வைத்து அனுப்புவாள். அது பங்க் வரை போய்த் திறக்காமலே திரும்பும். வழியில் எதுவும் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இந்த மாதமும் கிணற்றுத் தண்ணீர் பளிங்காக இருந்தது. சாட்சி பாட்டிலின் சீலும் அவள் வைத்தபடியே இருந்தது. அதை வெட்டியதும் பெட்ரோல் நெடி முகத்தில் அறைந்தது.

"இதை டேங்க் பக்கத்துல வச்சீங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

அவன் மோந்து பார்த்து முகம் வெளிறினான். "சத்தியமா இல்ல. அது நம்ம கிச்சனைத் தாண்டவே இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்போ கிணத்துத் தண்ணி?"

"நம்ம குழாய்ல பிடிச்சதுதான். பங்க்காரர் பழகின மனுஷன், கெஞ்சினாரு. எப்பவுமே அப்படித்தான்."

பங்க்குக்குப் பின்வீட்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கிணத்துத் தண்ணியக் குடிக்காதே."

"ஏன்டி? நீதானே மாசாமாசம் சுத்தம்னு சொன்னே? அதை நம்பித்தானே பிள்ளைக்குப் பால் கரைச்சுக் கொடுக்கறேன்?"

போனைக் காதில் வைத்தபடியே அவள் நிமிர்ந்தாள். எதிரே மேஜையில், அடுத்த மாதத்துக்காக அன்று காலை அவளே நிரப்பி சீல் வைத்த பாட்டில் இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. உள்ளே தண்ணீரின் மேல் மெல்லிய வானவில் ஒன்று நிதானமாகச் சுழன்றுகொண்டிருந்தது.