இன்னொரு சாவி

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரச் சந்தையில், வாட்ச் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் மத்தியான வெயில் விழுந்து கிடக்கிறது. நெனிதா நீட்டிய கார் ரிமோட் சாவியின் இடுக்கில் கத்தி முனையை வைத்து நெம்புகிறான் கடைக்காரன் டொமெங். மேல்மூடி டக்கென்று கழன்று வருகிறது. பழைய பேட்டரியை நகத்தால் கிளப்பி எடுத்தவன் அவளை ஏறிட்டுப் பார்க்கிறான். "என்னக்கா, இத மாத்தி ரெண்டு மாசந்தானே ஆச்சு? ரெண்டு வருஷம் வருமே! பிள்ளைங்க எடுத்து விளையாடுதுங்களா?"

"நான்தான் அமுக்கிக்கிட்டே இருக்கேன், தம்பி."

"கார் எங்க நிக்குது? கொண்டாங்க, பார்த்துடலாம்."

"என் மகன் ஓட்டிட்டுப் போனான், மார்ச்சுல. அவனும் வரல, வண்டியும் வரல. இது வீட்டுல கெடந்த இன்னொரு சாவி. கார் நிக்கிற எடத்துக்கெல்லாம் போய் அமுக்கிப் பாக்குறேன்."

தெருவில் ஆட்களை ஏற்றிய ஒரு ஜீப்னி வண்டி உறுமிக்கொண்டு கடக்கிறது. டொமெங் புதுப் பேட்டரியைத் துணியில் துடைத்து உள்ளே வைத்து மூடுகிறான். பொத்தானைத் தொட்டதும் ஊசிமுனையளவு சிவப்பு விளக்கு மினுங்குகிறது. "வேலை செய்யுதுக்கா," என்கிறான், தாழ்ந்த குரலில். நெனிதா அதை இரண்டு கைகளாலும் வாங்கி, தெருவோரம் வரிசையாக நிற்கும் கார்களை நோக்கி அமுக்குகிறாள். எதுவும் கண் சிமிட்டவில்லை. வெயிலில் ஒரு எட்டு முன்னே வைத்து மறுபடியும் அமுக்குகிறாள்.