அத்தை பெயர் இருந்த வரி

சம்பந்தி போனில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "பத்திரிகையில உங்க தங்கச்சி பேரு மட்டும் வேணாமே. எங்க பக்கம் பெரியவங்க சங்கடப்படுவாங்க."

அச்சகத்தில் சொன்னால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். அதனால் குருநாதன் மகளின் கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்பை வீட்டிலேயே ஓர் இலவச மென்பொருளில் திறந்தார். 'அத்தை: வடிவழகி' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தார்.

வரி போகவில்லை, மங்கி நின்றது. 'சம்பந்தப்பட்டவரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டுள்ளது. காத்திருக்கவும்.'

அவருக்கு, மென்பொருளை இறக்கும்போது ஏதேதோ நிபந்தனைகளுக்குப் படிக்காமலே 'சரி' கொடுத்தது நினைவுக்கு வந்தது. 'ரத்து' பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். போன வாரம்தான் வடிவழகி வந்து, முகூர்த்தப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணினியில் அவள் குரல் கேட்டது.

"சம்மதம்ணே. கீழ் வரியில அவரு பேரு இருக்கு பாருங்க, அதையும் எடுத்துருங்க. டேனியல்னு அது மட்டும் தனியா நின்னா, யாருன்னு கேப்பாங்க. அவருகிட்டயும் சொல்லிட்டேன், ஒண்ணும் நினைக்கல."

இரண்டு வரிகளும் மறைந்தன. கீழே இருந்த பெயர்கள் மேலேறி, இடைவெளியே தெரியாமல் அடைத்துக்கொண்டன. குருநாதன் கணினியை மூடப் போனார்.

"பத்திரிகை ரெடியாப்பா?" உள்ளேயிருந்து மகள் கேட்டாள். "மொதல்ல அத்தைக்கு அனுப்புங்க."