போன் பிரித்து வைத்த முகங்கள்

ஜின்ஜா நகரச் சந்தையில் கிட்டெங்கே என்னும் அச்சுத் துணி விற்கும் பபிரியே, புது போன் வாங்கியதிலிருந்து, வந்திறங்கும் துணிகளைப் போர்த்திக்கொண்டு தன்னையே படம் எடுத்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினாள். எடுக்கிற படங்களையெல்லாம் போன் தானாகவே முகவாரியாகப் பிரித்து வைத்தது. அவள் முகத்துக்கு மட்டும் இரண்டு தொகுப்புகள் இருந்தன. ஒன்றாகச் சேர்த்தாள். மறுநாள் மறுபடி பிரிந்திருந்தன.

"ஒரு பொண்டாட்டியையே சமாளிக்க முடியல, இது இன்னொன்னு தருதா?" என்று கணவன் கலேமா சிரித்தான். அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"பழகப் பழகச் சரியாயிடும்க்கா" என்றான் போன் கடைக்காரன்.

சரியாகவில்லை. இரண்டாவது தொகுப்பு வளர்ந்துகொண்டே போனது. முதலாவதில் புதிதாக எதுவும் சேரவில்லை.

ஞாயிறு மதியம் அம்மா வந்திருந்தார். பபிரியே போனை நீட்டினாள். "இதெல்லாம் நான்தானேம்மா?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இது நீ. இதுவும் நீ." விரல் நின்றது. "இது நக்காட்டோ."

நக்காட்டோ அவளுடைய இரட்டைத் தங்கை. பள்ளிக்கூடம் போகும் முன்பே தட்டம்மையில் இறந்துபோனவள்.

"என்னம்மா உளர்ற? நானே எடுத்த படம்மா!"

"பெத்தவளுக்குத் தெரியாதா? உங்கப்பாதான் குழம்புவாரு. நான் ஒருநாளும் மாத்திக் கூப்பிட்டதில்ல."

அம்மா கடைசிப் படத்துக்கு வந்தார். "இது எப்ப எடுத்தது?"

"இன்னிக்குக் காலையில. இதோ, இதே சட்டைதான்."

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரில் இருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கன்னத்தைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்.

"நக்காட்டோ, அக்கா எங்கடி?"