வார்த்தை வரும்வரை

திரையில் ஒரு திக்குவாய்க் குரலின் அலைக்கோடு உறைந்து நிற்கிறது. அதன் நீல வெளிச்சம் பேராசிரியையின் பாதி முகத்தில் விழுகிறது. வகுப்பு நடுவே மேசைமேல் கைபேசி அதிர்கிறது. தம்பி. பேச்சு திக்கும் என்று எப்போதும் குறுஞ்செய்தி மட்டுமே அனுப்புகிறவன் இன்று கூப்பிடுகிறான். ஆஸ்பத்திரியில் அம்மாவோடு அவன்தான் இருக்கிறான். அவள் வகுப்பைவிட்டு வெளியே வந்து சுவரோரம் நின்று எடுக்கிறாள். “அக்கா, அம்... அம்...” உதடு ஒட்டிக்கொள்ள, அவனுக்கு மூச்சு முட்டுகிறது. பின்னால் ஏதோ தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடுகிறது. என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. திக்குகிறவரின் வார்த்தையை நாம் முடித்துவைக்கக் கூடாது என்று காலமெல்லாம் பாடம் நடத்துகிறவள். அவனுக்காகவே இந்தப் பேச்சு சிகிச்சைப் படிப்புக்கு வந்தவள். “மெதுவா சொல்லுடா, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.” குரலில் வகுப்பறையின் அதே நிதானம். நகம் மட்டும் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டுகிறது. வாழ்நாளில் முதல்முறையாக, அவனுக்கு அந்த வார்த்தை வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். மூடாத கதவு வழியே மாணவர்கள் எதற்கோ சிரிப்பது கேட்கிறது. மறுமுனையில் மூச்சு ஒருமுறை இழுபட்டு விடுபடுகிறது. “அம்மா போயிட்டாங்கக்கா.” அவள் வாயைத் திறக்கிறாள். தொண்டையிலிருந்து எதுவும் வரவில்லை. தம்பி அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறான்.