காலி வீதி நடை

"எனக்கு வடிவா ஞாபகமில்லை, அப்புத்துரை. பேக்கரி முதலோ, கடலுக்கு இறங்கிற ஒழுங்கை முதலோ..." சொல்லிவிட்டுச் சரவணமுத்து மாஸ்டர் நடுத்தெருவில் நின்றார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த அப்புத்துரையும் நின்றான். எட்டு மணிக்கு ஊர்காவற்றுறைக் கூட்டுறவுச் சங்கக்கடையை அவன்தான் திறக்க வேண்டும். கரம்பொன் சந்தியே இன்னும் வரவில்லை.

மாஸ்டர் இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவர். ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி போய்விடும். அந்த மௌனம் அப்புத்துரைக்குப் பயமாக இருந்தது.

"பிறகு, மாஸ்டர்?"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "பிறகென்ன! கொழும்புக் காலி வீதியிலை காலமை நடந்து வேலைக்குப் போறது ஒரு தனிச் சுகம். பஸ்ஸிலை போறவனுக்குப் புகைதான். நடக்கிறவனுக்குப் பாண் மணக்கும், கடல் மணக்கும். ஆரெண்டும் தெரியாத சனம் உம்மைப் பார்த்துச் சிரிக்கும்."

நேற்றைய கதையில் அந்தப் பேக்கரி இடப்பக்கம் இருந்தது. இன்று வலப்பக்கம் வந்துவிட்டது. அப்புத்துரை அதைக் கேட்கவில்லை.

கடைக்குப் போனபோது மனேச்சர் இளையதம்பி வாசலில் நின்றார். "இனி ஒருநாள் பிந்தினால் வீட்டிலையே நில்லும். கடைத் திறப்பை வேறை ஆளிட்டைக் குடுக்கிறன்."

வீட்டுக்கு வந்து சொன்னான். மனைவி மீனலோசனி அகப்பையோடு குசினிக்குள்ளிருந்து வந்தாள்.

"மணியை அடிச்சுப்போட்டு விலத்திப் போங்கோவன்!"

"விசரே உனக்கு? கொழும்புக்குப் போகமுதல் எனக்கு ஐஞ்சாம் வகுப்பிலை கணக்குப் படிப்பிச்ச மனிசன். அவர் நடக்கேக்கை நான் சைக்கிளிலை இருந்து போறதோ?"

"அப்ப வெள்ளெனப் போங்கோ."

"போனனான். அதுக்கு முதலே தன்ரை வீட்டு வாசல் படலையடியிலை நிண்டவர். 'இண்டைக்கு நேரம் கிடக்கு' எண்டு மதகிலையும் இருத்திக் கதை சொன்னவர்."

"பிந்திப் போய்ப் பாத்தனீங்களோ?"

"அதுதான் இண்டைக்குப் போனனான். அப்பவும் படலையடியிலைதான் நிக்கிறார்!"

மீனலோசனி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், ஏலவில்லை. "மரியாதை சோறு போடாது. உங்கடை அப்பான்ரை பழைய சைக்கிள் சும்மாதானே கிடக்கு? எண்ணெய் விட்டுக் கொண்டுபோய் மாஸ்டருக்குக் குடுங்கோ. அவர் ஏறினால் நீங்களும் ஏறலாம்."

அப்பாவின் சைக்கிள். கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் வேலை போனால் வேறு வேலை எடுக்க இது கொழும்பு அல்ல. அங்கிருந்தவர்களே எண்பத்து மூன்று கலவரத்தோடு மாஸ்டரைப் போல் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஞாயிறு பின்னேரம் அந்தச் சைக்கிளில் மாஸ்டர் வீட்டுக்குப் போனான். அவருடைய மனைவி கமலாதேவி முற்றத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கிணற்றடியில் என்றாள்.

"அக்கா, மாஸ்டர் இந்த வயதிலை நடந்து கஷ்டப்படுறார். இதை அவர் வைச்சிருக்கட்டும்."

கமலாதேவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விறாந்தைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே பளபளவென்று ஒரு புதுச் சைக்கிள் சுவரோடு சாத்தி நின்றது.

"அது ஆரின்ரை, அக்கா?"

"ஆரின்ரையோ? அவரின்ரைதான். நீர் சங்கக்கடைக்குப் போன முதல்நாள் அதுக்குக் காத்து இறங்கிப்போச்சு, மனிசன் நடந்தவர். நீர் இறங்கிக் கூட நடந்து, 'பிறகு? பிறகு?' எண்டு கேட்டீராம். 'பொடியனுக்குக் கதையெண்டால் உயிர், அவனை ஏமாத்தக்கூடாது' எண்டு ரெண்டு மாதமாச் சைக்கிளைத் தொடுறாரில்லை. நீர் வருமட்டும் படலையைவிட்டு அசையிறதுமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அதிபரிட்டைப் பேச்சும் வாங்கிறார்."

அப்புத்துரை அப்பாவின் சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "கொழும்பிலை நடந்த கதையள் நல்லாத்தான் இருக்கும், அக்கா" என்றான்.

"கொழும்பிலை நடந்தவரோ? தம்பி, அங்கை அவர் பள்ளிக்கூட விடுதியிலை இருந்தவர். அறைக் கதவைத் திறந்தால் வகுப்பு. நாளைக்கு உமக்கு எந்த ரோட்டைச் சொல்லுறதெண்டு தெரியாமல் மனிசன் கிணத்தடியிலை குந்தியிருந்து யோசிக்குது!"